மிதிவண்டிக்கென வரும் அரசுப் பணம் எதற்குப் போக வேண்டும்: தனித்தடமா, வாடகை வண்டியா, நிறுத்துமிடமா, வேகம் தணித்த தெருவா?

தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2022-ஆம் ஆண்டு முதல் பகுதி சபைகள் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடித் தேவைகளைச் சொல்லும் கூட்டங்கள்) கூடத் தொடங்கிய பின்பு, குடிநீர், குப்பை, தெருவிளக்கு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மிதிவண்டி ஓட்டுவோருக்கும் ஏதாவது செய்யுங்கள் என்று கேட்க விரும்புகிறவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். எதைக் கேட்பது என்ற இடத்தில்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள். ஒருவர் பெரிய சாலையில் தனித்தடம் வேண்டும் என்கிறார். இன்னொருவர் செல்பேசியில் திறந்து எடுத்துச் செல்லும் வாடகை மிதிவண்டி வந்தால் ஊர் மாறிவிடும் என்கிறார். பள்ளி ஆசிரியரோ, பிள்ளைகளின் வண்டிகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து துருப்பிடிக்கின்றன, ஒரு கூரை போட்டுக் கொடுத்தால் போதும் என்கிறார். உட்தெருக்களில் வண்டிகளின் வேகத்தைத் தணித்தாலே போதும் என்பாரும் உண்டு. நான்கையும் ஒரே ஆண்டில் செய்யும் வசதி எந்த நகராட்சிக்கும் கிடையாது. ஒன்று முதல் மூன்று இலட்சம் மக்கள் வாழும் ஒரு நடுத்தர ஊரை மனத்தில் வைத்து, இந்த நான்கு வழிகளையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, அந்த ஊரில் இப்போதே மிதிவண்டி ஓட்டுகிறவர் யார் என்பது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலை செய்வோரில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் மிதிவண்டியில் வேலைக்குச் சென்றனர். கட்டட வேலைக்குப் போகிறவர், பால் ஊற்றுகிறவர், இரவுக் காவலர், தேநீர்க் கேனைக் கட்டிக்கொண்டு கடை கடையாகச் செல்கிறவர் ஆகியோர் அவர்களில் அடங்குவர். இவர்களோடு மாணவர்களையும் சேர்க்க வேண்டும். 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கப்பட்ட இலவச மிதிவண்டித் திட்டம், சில ஆண்டுகளிலேயே அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு படிப்போர் அனைவருக்கும் விரிந்தது. வண்டி வாங்கித் தருவதற்கு இவ்வளவு செலவிடும் அரசு, அதை ஓட்டிச் செல்வதற்குப் பாதுகாப்பான தெருவுக்கு எவ்வளவு செலவிடுகிறது என்ற கேள்வியிலிருந்தே இந்த ஒப்பீடு தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, ஆபத்து எங்கே இருக்கிறது என்பது. நேரான சாலையில் அது பெரும்பாலும் பின்னால் வரும் வண்டியின் வேகத்தில் இருக்கிறது. சந்திப்புகளில், இடது பக்கம் திரும்பும் பேருந்திலும் லாரியிலும் இருக்கிறது. மூன்றாவது, சாலை யாருடையது என்பது. நம் ஊர்களின் நடுவே போகும் முதன்மைச் சாலை பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ தேசிய நெடுஞ்சாலையாகவோ இருக்கும். உட்தெருக்களே நகராட்சிக்கு உரியவை. இந்த ஒரு செய்தி தெரியாமல் நிறைவேற்றப்படும் தீர்மானங்கள் பல, கோப்பிலேயே கிடந்து மக்கிவிடுகின்றன. நான்காவது, தொடர் செலவு. கட்டுவதற்கான பணத்தை மேலிருந்து பெற்றுவிடலாம். துடைக்கவும் பழுது பார்க்கவும் ஆகும் பணத்தை ஊரின் சொந்த வரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஐந்தாவது, செய்தது தவறாகப் போனால் அதைத் திருத்திக்கொள்ள முடியுமா என்பது.

## தனித்தடம்

வண்டிகள் மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் அகலமான சாலையில் மிதிவண்டிக்கு மெய்யான பாதுகாப்பைத் தருவது இது ஒன்றுதான். வேறு எந்த ஏற்பாடும் அங்கே ஈடாகாது. ஒருவழித் தடத்துக்கு இரண்டு மீட்டர் அகலமாவது தேவை. இருவழியானால் மூன்று மீட்டர். சாலையிலிருந்து சற்று உயர்த்தியோ இடையில் கல்வரம்பு கட்டியோ அதைப் பிரிக்க வேண்டும். வெறும் வண்ணம் பூசிக் கோடு போட்டுவிட்டு அதைத் தனித்தடம் என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் வண்ணம் எந்த வண்டியையும் தடுப்பதில்லை. ஆட்டோக்களும் கார்களும் நிற்க அது ஒரு வசதியான ஓரமாகிவிடுகிறது.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் மிகுதி. மதிப்பீட்டில் ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று காட்டப்படும் தொகைக்குள், மின்வாரியத்தின் கம்பங்களையும் மின்மாற்றிகளையும் இடம் மாற்றும் செலவும், வடிகால் மூடிகளைத் தடத்தின் மட்டத்துக்குச் சமன் செய்யும் செலவும் பெரும்பாலும் அடங்குவதில்லை. பேருந்து நிறுத்தத்தில் தடம் எந்தப் பக்கமாகப் போகும் என்பதை முதலிலேயே வரைந்து தீர்க்காவிட்டால், இறங்கும் பயணியும் வரும் மிதிவண்டியும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். சாலையோர வியாபாரிகளை ஒரு நாள் காலையில் அகற்றிவிட முடியாது. 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது, நகர விற்பனைக் குழு வழியாகத்தான் மாற்றிடம் தர வேண்டும். அவர்களில் பலர் மிதிவண்டியில்தான் வருகிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இவையெல்லாம் முடிந்த பின்பும் இருசக்கர மோட்டார் வாகனங்கள் தடத்துக்குள் நுழைவதைத் தடுக்க வேண்டியிருக்கும். தடுப்புக் கம்பிகளை நெருக்கி நட்டால் சுமை ஏற்றிய மிதிவண்டியும் மூன்று சக்கர வண்டியும் நுழைய முடியாது. விலக்கி நட்டால் ஸ்கூட்டர் நுழைந்துவிடும்.

டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 2008-இல் திறக்கப்பட்ட பேருந்துத் தடத்தோடு மிதிவண்டித் தடமும் அமைக்கப்பட்டது. ஆறு கிலோமீட்டருக்கும் குறைவான அந்தத் துண்டு, சுற்றிலும் வலைப்பின்னல் இல்லாமல் தனித்து நின்றது. கார் ஓட்டுவோரின் எதிர்ப்பு ஓயவே இல்லை. இறுதியில் பேருந்துத் தடமே கைவிடப்பட்டது. புனேயில், ஒன்றிய அரசின் நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டப் பணத்தில் கட்டிய தடங்கள் பல இடங்களில் அறுபட்டும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடந்தன.

இந்தத் துண்டுத்தடச் சிக்கலை நெதர்லாந்து அரைநூற்றாண்டுக்கு முன்பே தன் பணத்தில் பட்டுத் தெரிந்துகொண்டது. 1970-களில் அந்நாட்டு அரசு டில்பர்க், ஹேக் ஆகிய இரு நகரங்களிலும் சிறப்பான ஒற்றை மிதிவண்டிப் பாதைகளை முன்மாதிரியாகக் கட்ட நிதி தந்தது. பாதைகளில் கூட்டம் சேர்ந்தது. ஆனால் அவர்களில் மிகுதியானோர் பக்கத்துத் தெருக்களில் முன்பே ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். நகரம் முழுவதிலும் மிதிவண்டிப் பயணம் பெரிதாக உயரவில்லை. அடுத்துவந்த ஆண்டுகளில் டெல்ஃப்ட் நகரில் ஒற்றைப் பாதைக்குப் பதிலாக, பெரிய பாதை, இடைநிலைப் பாதை, தெருமட்டப் பாதை என மூன்று அடுக்கில் ஒரு முழு வலைப்பின்னலை அமைத்தபோது மொத்தப் பயணங்களில் மிதிவண்டியின் பங்கே கூடியது. ஸ்பெயினின் செவில் நகரம் இதைப் படித்தே செயல்பட்டது போலத் தோன்றுகிறது: 2006-07 காலத்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தடத்தை ஒரே வீச்சில், ஒன்றோடொன்று இணையும்படி அமைத்தது, மிதிவண்டிப் பயணம் சில ஆண்டுகளில் பல மடங்கு உயர்ந்தது. மாறாக, இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் புதுநகரில் சந்திப்புகளுக்கு அடியில் சுரங்கவழிகளோடு மிக நல்ல தடங்கள் அமைந்தும், காரில் போவது அதைவிட எளிதாக இருந்ததால் பலர் மிதிவண்டிக்கு வரவில்லை.

ஆகவே, நெடுஞ்சாலை ஊருக்குள் புகுந்து போகிற இடத்தில், அதன் ஓரமாகத் தொழிற்பேட்டைக்கோ கல்லூரிக்கோ நாள்தோறும் மக்கள் ஓட்டிச் செல்கிற இடத்தில், தடம் தொடங்கும் இடமும் முடியும் இடமும் பாதுகாப்பான தெருக்களோடு இணையும் என்றால், தனித்தடத்தைக் கேளுங்கள். நடுவில் எங்கோ ஐந்நூறு மீட்டர் மட்டும் என்றால் வேண்டாம் என்று சொல்வதே நல்லது.

## வாடகை மிதிவண்டி

திறப்பு விழாவுக்கு மிகவும் ஏற்றது இது. ஒரே நாளில் ஒரே நிறத்தில் நூறு வண்டிகள் வரிசையாக நிற்கும். மைசூருவில் 2017 ஜூனில் 48 நிலையங்களோடும் 450 வண்டிகளோடும் தொடங்கிய 'ட்ரின் ட்ரின்' திட்டத்துக்கு உலகளாவிய சுற்றுச்சூழல் நிதியின் உதவி கிடைத்தது. சுற்றுலாப் பயணிகள் நிறைய வருகிற, ஓரளவு சமதளமான, அடக்கமான நகரம் என்பதால் அங்கே அதற்குப் பொருத்தமான சூழல் இருந்தது. கோயம்புத்தூரின் அனுபவம் வேறு. 2018-இன் தொடக்கத்தில் அங்கே வந்த ஓஃபோ என்ற சீன நிறுவனம், அதே ஆண்டின் நடுவில் இந்தியாவை விட்டே போய்விட்டது. புனேயிலும் பல நிறுவனங்கள் அடுத்தடுத்து வந்து, வண்டிகள் சேதமாவதையும் பாகங்கள் களவு போவதையும் தாங்க முடியாமல் ஒதுங்கின.

இதன் செலவு வண்டியில் இல்லை. மாலையில் ஒரே இடத்தில் குவிந்துவிட்ட வண்டிகளை இரவோடு இரவாக லாரியில் ஏற்றி மற்ற நிலையங்களுக்குப் பங்கிடுவதிலும், பூட்டையும் சங்கிலியையும் சரிபார்ப்பதிலும் இருக்கிறது. கட்டணம் இந்தச் செலவை ஈடுகட்டுவது அரிது. நிறுவனத்துக்கு விளம்பர உரிமை கொடுத்து ஈடுகட்டலாம் என்பார்கள். சிறிய ஊரில் அந்த விளம்பரத்துக்கு விலை கிடைக்காது. மேலும், திறன்பேசியும் வங்கிக் கணக்கும் முன்பணமும் கேட்கிற ஏற்பாடு, இரவுக் காவலரையும் கட்டடத் தொழிலாளரையும் தொடக்கத்திலேயே வெளியே நிறுத்திவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் நடுத்தர ஊர்களின் குறை வண்டி இல்லாமை அன்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டப் பழகிய தலைமுறையும் நம்மிடையே இருக்கிறது. ஓட்டத் தெரிந்தவரும் இருக்கிறார், வீட்டில் வண்டியும் இருக்கிறது; சாலையைப் பார்த்து அஞ்சித்தான் அதை வெளியே எடுப்பதில்லை. அந்த அச்சத்தை வாடகை வண்டி போக்காது. செவிலில்கூட, தடங்களும் வாடகை வண்டியும் ஒரே காலத்தில் வந்ததால்தான் ஒன்றுக்கொன்று துணையாயின.

பல்கலைக்கழக வளாகம், மாமல்லபுரம் போன்ற சுற்றுலா ஊர், மெட்ரோ நிலையத்திலிருந்து அலுவலகம் வரையிலான கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆகிய இடங்களில் வாடகை வண்டி நல்ல தேர்வு. மற்ற ஊர்களில் இதற்கு நகராட்சிப் பணத்தைக் கேட்க வேண்டாம்.

## நிறுத்துமிடம்

நான்கிலும் மலிவானது இதுதான். மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டு முதல் பத்து மிதிவண்டிகள் நிற்கும். தரையில் ஊன்றிய கவிழ்ந்த 'ப' வடிவ இரும்புக் குழாய்கள் போதும். வண்டியின் சட்டத்தையே குழாயோடு பூட்ட முடிவது முக்கியம், ஏனெனில் முன்சக்கரத்தை மட்டும் செருகும் பள்ளங்கள் சக்கரத்தை வளைத்துவிடுகின்றன, களவையும் தடுப்பதில்லை. மேலே ஒரு கூரை, இரவில் ஒரு விளக்கு, நான்கு பேர் பார்க்கும் இடம்: இவ்வளவுதான். அரசு மேனிலைப் பள்ளி, உழவர் சந்தை, பேருந்து நிலையம், அரசு மருத்துவமனை, இரயில் நிலையம் என்று ஐந்து இடங்களைத் தேர்ந்தால் ஒரு நடுத்தர ஊரின் மிதிவண்டிப் பயணங்களில் கணிசமான பங்கைத் தொட்டுவிடலாம்.

மறைந்த செலவு நிர்வாகத்தில் இருக்கிறது. ஏலத்தில் விடப்பட்ட வண்டி நிறுத்தகத்தில், ஒப்பந்ததாரருக்கு மோட்டார் சைக்கிளால்தான் வருமானம். மிதிவண்டி அங்கே மெல்ல மெல்ல மூலைக்குத் தள்ளப்படும். ஏல நிபந்தனையிலேயே மிதிவண்டிக்கு இத்தனை இடம், கட்டணம் இல்லை அல்லது இவ்வளவுதான் என்று எழுதிவிட வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் இரயில் நிலையத்தில் 12,500 வண்டிகள் நிற்கும் நிறுத்தகத்தில் முதல் 24 மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. இரயிலுக்கு மிதிவண்டியில் வருகிறவரை அந்நாடு அப்படி மதிக்கிறது. நம் இரயில் நிலையங்களின் இடம் இரயில்வேக்குச் சொந்தமானது என்பதால், நகராட்சி தனியே எதுவும் செய்ய முடியாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நிறுத்தகத்தோடு பஞ்சர் ஒட்டுகிறவர் ஒருவருக்குக் கொஞ்சம் இடமும் கொடுங்கள் என்று சேர்த்துக் கேட்கலாம். சைக்கிள் மட்டும் பழுது பார்க்கும் கடைகள் அருகிவருகின்றன. வண்டி கெட்டுப்போனதும் அது வீட்டுத் திண்ணையில் முடங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு குறையை ஒளிக்கக் கூடாது: நிறுத்துமிடம் யாருடைய உயிரையும் காப்பதில்லை. ஏற்கெனவே ஓட்டுகிறவருக்கு அது மரியாதை. அஞ்சி நிற்கிறவரை அது சாலைக்குக் கொண்டுவராது.

## வேகம் தணித்த தெரு

பள்ளியைச் சுற்றியுள்ள உட்தெருக்களில் வண்டிகள் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாதபடி தெருவின் வடிவத்தையே மாற்றுவது இந்த வழி. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் நடந்த சாலைப் பாதுகாப்பு அமைச்சர்கள் மாநாட்டின் அறிக்கை, நடப்போரும் மிதிவண்டியினரும் வாகனங்களோடு கலந்து செல்லும் இடங்களில் இந்த வேகத்தையே உச்சமாக வைக்க வலியுறுத்தியது. அந்த வேகத்தில் தனித்தடமே தேவைப்படாது. தெரு முழுவதும் எல்லாருக்கும் பொது.

தெருமுனையின் அகன்ற வளைவைச் சுருக்குவது, கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவது, குறுக்குவழியாகப் பாயும் கார்களை நிறுத்திவிட்டு நடப்போரையும் மிதிவண்டியையும் மட்டும் விடுகிற கட்டைகளை நடுவது ஆகியவை இதன் கருவிகள். இலண்டனின் வால்தம் ஃபாரஸ்ட் பகுதி, 2014-இல் கிடைத்த ஏறத்தாழ மூன்று கோடி பவுண்டு உதவியில் ஒரு பங்கை இப்படித்தான் செலவிட்டது. தொடக்கத்தில் கடைக்காரர்களும் குடியிருப்போரில் ஒரு பகுதியினரும் கடுமையாக எதிர்த்தார்கள், பணி பின்வாங்கப்படவில்லை.

இதன் பெரிய நன்மை, ஒத்திகை பார்க்க முடிவது. மணல் நிரப்பிய பீப்பாய்களையும் பூந்தொட்டிகளையும் வைத்து ஒரு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு, கோளாறு தெரிந்தால் மறுநாளே நகர்த்தலாம். நகராட்சியின் சொந்தத் தெரு என்பதால் நெடுஞ்சாலைத் துறையின் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வேக வரம்பைச் சட்டப்படி குறைக்கும் அதிகாரம் நகராட்சிக்குக் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவின்படி அது மாநில அரசிடமும் அது அதிகாரமளிக்கும் அமைப்பிடமும் இருக்கிறது. எனவே அறிவிப்புப் பலகையை நம்பாமல் தெருவின் வடிவத்தை நம்ப வேண்டும்; காவல்துறையின் ஒப்புதலும் முன்பே வேண்டும்.

இதன் மறைந்த செலவுகள் வேறு வகை. தடுக்கப்பட்ட வண்டிகள் அடுத்த தெருவுக்குப் போகும். ஒரு தெருவை மட்டும் எடுத்தால் அடுத்த தெருக்காரருடன் பகை வரும், ஆகவே ஒரு பகுதி முழுவதையும் எடுக்க வேண்டும். ஒப்பந்ததாரர் தன் விருப்பப்படி கூர்மையாகப் போடுகிற வேகத்தடை மிதிவண்டியைத்தான் முதலில் கவிழ்க்கும். நீண்டு மெல்ல ஏறி இறங்கும் வடிவம் வேண்டும் என்று மதிப்பீட்டிலேயே குறிப்பிட வேண்டும். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் செல்லும் வழியை வரைபடத்தில் முதலில் ஒதுக்கிவிட வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | தனித்தடம் | வாடகை வண்டி | நிறுத்துமிடம் | வேகம் தணித்த தெரு |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு | குறைவு முதல் நடுத்தரம் வரை |
| தொடர் செலவு | துப்புரவு, ஆக்கிரமிப்புக் கண்காணிப்பு | நாள்தோறும், நிற்காமல் | மேற்பார்வை மட்டும் | மிகக் குறைவு |
| யார் கையில் | பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறை | தனியார் நிறுவனம் | நகராட்சி, பள்ளி, இரயில்வே | நகராட்சியும் காவல்துறையும் |
| திருத்த முடியுமா | கடினம் | நிறுவனம் போனால் எல்லாம் போகும் | எளிது | மிக எளிது |
| முதலில் பயன்பெறுவோர் | நெடுந்தூரம் செல்லும் தொழிலாளர் | சுற்றுலாப் பயணி, அலுவலகம் செல்வோர் | இப்போதே ஓட்டுவோர் | மாணவர், முதியோர் |

## பணம் எங்கிருந்து, எதை முதலில்

ஒன்றிய அரசு 2020-இல் நடத்திய மிதிவண்டி அறைகூவல் போட்டியில் 11 நகரங்கள் தேர்வாகித் தலா ஒரு கோடி ரூபாய் பெற்றன. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டு நகரம் எதுவும் இல்லை, சிறிய ஊர்கள் போட்டியில் நுழையவே வழியில்லை. சென்னை மாநகராட்சி 2014-இலேயே, போக்குவரத்துக்கான ஒதுக்கீட்டில் குறைந்தது 60 விழுக்காடு நடப்போருக்கும் மிதிவண்டியினருக்கும் போக வேண்டும் என்று கொள்கை வகுத்தது. நகராட்சிகளுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. மிதிவண்டிக்கென்று தனித் தலைப்பில் பணம் வரும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வேறு வேலைக்கு வரும் பணத்தோடு இதைச் சேர்ப்பதே நடக்கக்கூடிய வழி. பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டிய தெருக்களை எப்படியும் மறுபடி போட்டாக வேண்டும். அந்த மதிப்பீட்டிலேயே தெருமுனைச் சுருக்கத்தையும் உயர்த்திய கடவையையும் எழுதிவிட்டால் கூடுதல் செலவு சிறிது. தெரு போட்டு முடிந்த பின் கேட்டால் அடுத்த முறை போடும்போது பார்க்கலாம் என்ற பதில்தான் வரும். நிறுத்துமிடக் கூரைக்குச் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியையும், மக்கள் ஒரு பங்கு செலுத்தினால் மீதியை அரசு தரும் நமக்கு நாமே திட்டத்தையும் நாடலாம்; பள்ளியின் முன்னாள் மாணவர்கள் அந்தப் பங்கைச் சேர்த்துவிட முடியும்.

என் தேர்வு இதுதான்: முதலாண்டில் ஒரு பெரிய அரசுப் பள்ளியைச் சுற்றி அரை கிலோமீட்டர் வட்டாரத்தில் வேகம் தணித்த தெருக்கள், அதே பள்ளியில் கூரையுள்ள நிறுத்துமிடம். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் பிள்ளைகளைப் பெற்றோர் தனியே அனுப்புவார்கள். அதற்கடுத்து சந்தையும் பேருந்து நிலையமும். நெடுஞ்சாலை ஊரைக் கிழித்துக்கொண்டு போகிற ஊர்களில், பள்ளியும் குடியிருப்பும் அதன் இரு பக்கங்களில் இருந்தால், இந்த வரிசையை மாற்றிச் சாலையைக் கடக்கும் இடத்தையும் தனித்தடத்தையும் முதலில் வைக்க வேண்டும். அங்கே நகராட்சித் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பிவிட்டு, அகலப்படுத்தும் பணி தொடங்குமுன்பே மாவட்ட ஆட்சியரின் சாலைப் பாதுகாப்புக் கூட்டத்திலும் அதை எழுப்ப வேண்டும்.

பகுதி சபைக்கு எழுதும் மனுவில் நான்கு செய்திகள் இருக்கட்டும்: எந்தத் தெரு, அது யாருக்குச் சொந்தம், காலை எட்டு முதல் ஒன்பது வரை பள்ளி வாசலைக் கடக்கும் மிதிவண்டிகள் எத்தனை, பராமரிப்புச் செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் வர வேண்டும். எண்ணிக்கையை ஒரு பள்ளி வாரத்தில் மாணவர்களே எடுத்துத் தந்துவிடுவார்கள்.